அம்பாசடர் எஞ்சின் வேலை: வெளிய பார்த்தா கல்யாண வண்டி, உள்ள வேற வண்டி

நம்ம வண்டி 1984 மாடல் மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல், ஸ்டியரிங் கியர். அப்பா காலத்து வண்டி, இரணியல்ல எங்க வீட்டு ஷெட்ல கெடந்து புகை கக்கிட்டு இருந்துச்சு. செரி எஞ்சினை பிரிச்சுதான் ஆகணும்னு ஆச்சு, பிரிக்கதுதான் பிரிக்கோம், வெளிய ஒரு ஆணி கூட மாறாம உள்ளுக்குள்ள கொஞ்சம் சக்தி கூட்டிப் பார்ப்போமேன்னு ஒரு ஆசை. 3 வாரத்துல முடியும்னு நெனச்சேன், நாலரை மாசம் ஆச்சு. 60 ஆயிரம்னு கணக்கு போட்டேன், 1 லட்சத்து 9,500 போச்சு. அதுல 14,500 முழுக்க என் புத்திகெட்ட அவசரத்துக்கு போன காசாக்கும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது இதே வேலையில எறங்குறதா இருந்தா முதல்ல இதை ஒரு தடவை படிச்சுட்டு பொறவு ஸ்பேனரை எடுங்க.

ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா நம்பிக்கை வரும். இந்த 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்து கம்பெனி பிஎம்சியோட பி சீரிஸ். இதே 1489 சிசி எஞ்சினைத்தான் இங்கிலாந்துல எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார்ல போட்டு முதல்ல 68 குதிரை, பொறவு 72 குதிரை எடுத்தாங்க. நம்ம வண்டியில 50 சொச்சம்தான். வித்தியாசம் எங்க கெடக்குன்னா கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள கலவை அமுங்குற அளவு), ஹெட் (சிலிண்டருக்கு மேல உள்ள மூடி), கார்புரேட்டர், கேம் (வால்வை தெறக்க தண்டு) இதுல. இதுல முதல் ரெண்டும் வெளிய யார் கண்ணுக்கும் தெரியாது.

1. முதல்ல ஆர்சி, பொறவுதான் ஸ்பேனர்

எஞ்சினை எறக்குறதுக்கு முன்னாடி ஆர்சி தேதியை பாருங்க. பழைய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருக்கா ஃபார்ம் 25 போட்டு புதுப்பிக்கணும், அதுக்கு வண்டி ஓடி ஆர்டிஓ ஆபீசுக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு போகணும். எஞ்சின் ஷெட்ல பீஸ் பீஸா கெடக்கும்போ தேதி முடிஞ்சா மாசத்துக்கு 500 ரூபா லேட் ஃபீஸ் ஏறிட்டே இருக்கும். 2025 ஆகஸ்ட்ல இருந்து 20 வருஷம் தாண்டின காருக்கு புதுப்பிக்க ஃபீஸே 10,000, பசுமை வரி தனி. ஆக 6 மாசத்துக்குள்ள தேதி முடியுதுன்னா முதல்ல அதை முடிச்சுட்டு வேலையை தொடங்குங்க.

எஞ்சின் நம்பரை ஆர்சியோட ஒத்துப் பாருங்க, பென்சிலால ஒரு பிரிண்ட் எடுத்து வைங்க, போட்டோவும் எடுங்க. பட்டறையில பிளாக்கை (சிலிண்டர் இருக்க எஞ்சின் உடம்பு) கழுவி பெயிண்ட் அடிக்கேன்னு நம்பர் மேலயும் சேர்த்து அடிச்சு விட்டா இன்ஸ்பெக்ஷன்ல நிக்கும்போ அழணும்.

எதுவரை பண்ணலாம்னா, அதே பிளாக்கை ரிப்பேர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுறது எல்லா ஊர்லயும் நடக்குற எஞ்சின் வேலை. ஆனா 1.8 இசுசு எஞ்சினை தூக்கி வைக்கேன், டீசல் வைக்கேன்னு எறங்கினா மோட்டார் வாகன சட்டம் 52 ஆம் பிரிவு வந்துரும், முன்கூட்டி அனுமதி வாங்கணும், ஆர்சியிலயும் மாத்தணும். அனுமதி இல்லாம மாத்துனா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா அபராதம் இல்லன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இன்சூரன்ஸ்காரன் கிளெய்ம் நேரத்துல முதல்ல தேடுறதும் இதைத்தான், அதனால என்ன வேலை பார்த்தீங்கன்னு அவங்களுக்கும் சொல்லி வைங்க.

இன்னொரு பொறி. 50 வருஷம் தாண்டின வண்டின்னா வின்டேஜ் பதிவு எடுக்கலாம்னு ஆசை இருக்கும், ஃபீஸ் 20,000. ஆனா சேசிஸ், பாடி, எஞ்சின் இதுல பெரிய மாற்றம் இருக்கக்கூடாதுன்னு விதியிலயே இருக்கு, தினசரி ஓட்டவும் முடியாது. அந்த எண்ணம் இருந்தா இந்த கட்டுரை உங்களுக்கு இல்ல.

2. எப்பம் தொடங்கணும்

நான் செப்டம்பர்ல தொடங்கினேன், அதுதான் முதல் தப்பு. ஐப்பசி கார்த்திகை மழை, பொறவு கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, டிசம்பர் 3 லோக்கல் லீவு, அது முடிஞ்சா கிறிஸ்துமஸ், வளைகுடாவுல இருந்து லீவுக்கு வந்தவங்க வண்டியெல்லாம் வரிசை கட்டி நிக்கும். என் பிளாக் லேத்துல 19 நாள் சும்மா கெடந்துச்சு. பிப்ரவரியில தொடங்கினா மே மாசம் கடைசிக்குள்ள, அதாவது இடவப்பாதி மழைக்கு முன்னாடி முடிச்சுரலாம்.

மழைக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. நம்ம ஊர் கடல் காத்துல போர் பண்ணின (உள் ஓட்டையை குடைஞ்சு பெருசாக்கின) சிலிண்டர் ஒரு ராத்திரியில துரு புடிக்கும். ஹோனிங் (போர் சுவரை கல்லு வச்சு தேய்க்குறது) முடிஞ்ச ஒடனே சோப்பு வெள்ளம் (தண்ணிக்கு எங்க ஊர் பேரு) போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, வெள்ளைத் துணியால துடைச்சா துணி கறுக்காத வரை தேய்ச்சு, ஒடனே எஞ்சின் ஆயில் பூசி பிளாஸ்டிக் கவர் போட்டு கட்டுங்க. பெட்ரோலால துடைச்சா போதும்னு லேத்துல சொல்வாங்க, போதாது, ஹோனிங் பொடி அந்த கீறலுக்குள்ளயே உக்காந்திருக்கும், புது ரிங்கை அதுவே தின்னுரும்.

3. பிரிக்கதுக்கு முன்னாடி அளவு

வண்டி ஓடுற நிலையில இருக்கும்போவே நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்க. சூடான எஞ்சின், நாலு பிளக்கும் கழட்டி, ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சு. பொறவு ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி திரும்ப பாருங்க. ஆயில் ஊத்தினதும் ஏறினா கோளாறு ரிங்ல, ஏறலன்னா வால்வ்ல. எனக்கு 3 ஆவது சிலிண்டர் ஏறவே இல்ல, எக்ஸாஸ்ட் வால்வ் சீட் உள்ள எறங்கி போயிருந்துச்சு.

பிரிக்கும்போ புஷ் ராடு, டேப்பட் எல்லாம் எந்த ஓட்டையில இருந்து வந்துச்சோ அதே ஓட்டைக்கு திரும்ப போகணும், கேமை மாத்தாத பட்சத்துல. ஒரு அட்டைப்பெட்டியில 8 ஓட்டை குத்தி நம்பர் போட்டு குத்தி வைங்க. மெயின் கேப் மூணு, கனெக்டிங் ராடு கேப் நாலு, எல்லாத்துலயும் நம்பரும் பக்கமும் குறிங்க.

4. பிஸ்டன் கையில வராம பிளாக்கை லேத்துக்கு கொடுக்காதீங்க

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதவே உக்காந்தேன்.

நடந்தது இதுதான். போர் தேஞ்சு போயிருக்கு, 20 தௌ (ஒரு தௌன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) பெருசா போட்டா செரியாகும்னு லேத்துல அளந்து சொன்னாங்க. பிஸ்டன் செட் ஆர்டர் போட்டு வர 10 நாள் ஆகும்னு கடையில சொல்லிட்டாங்க. லேத்துக்காரர், "எல்லா 20 தௌ பிஸ்டனும் ஒரே அளவுதான் மக்கா, நான் எத்தனை அம்பாசடர் பார்த்திருக்கேன், நீ பேசாம போ"ன்னார். நானும் பேசாம வந்துட்டேன். பிஸ்டன் வந்துச்சு, பெட்டிக்குள்ள இருந்த தாள்ல கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல உள்ள இடைவெளி) போட்டிருந்துச்சு, வச்சு அளந்தா அதை விட ரெண்டு மடங்கு லூசு. அப்படியே மாட்டினா குளிர்ல பிஸ்டன் கட கடன்னு அடிக்கும், ஆயிலும் குடிக்கும். திரும்ப 40 தௌ செட் வாங்கி திரும்ப போர் பண்ணினேன். பிஸ்டன் 11,500, போரிங் 3,000. அந்த 20 தௌ செட் இன்னும் அலமாரியில இருக்கு, வேணும்னா கேளுங்க.

அதனால பிஸ்டனை கொண்டு போய் லேத்து மேசையில வைங்க, ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டர் வச்சு அளந்து அது எந்த சிலிண்டருக்குன்னு நம்பர் போட்டு அந்தந்த போரை அதுக்கு ஏத்த மாதிரி எடுக்கச் சொல்லுங்க. கிளியரன்ஸ் எவ்வளவுன்னு வாயால சொல்லாதீங்க, ஒரு தாள்ல எழுதி கொடுத்து பக்கத்துல நில்லுங்க. கோவப்படுவாங்க, படட்டும். ஒரு சாயா வாங்கி கொடுத்துட்டு அங்கயே நில்லுங்க.

40 தௌ போட்டா சிசி எவ்வளவு கூடும்? 1489, 1531 ஆகும். 42 சிசி, 3 சதவீதம் கூட இல்ல. போர் பெருசாக்கினா வண்டி பறக்கும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க. பெருசாக்க பெருசாக்க சுவர்தான் மெலிசாகும், அடுத்த தடவைக்கு இடம் இருக்காது. எவ்வளவு குறைவா போட முடியுமோ அவ்வளவு நல்லது.

ரிங்கை ஒவ்வொண்ணா போருக்குள்ள வச்சு ரெண்டு முனைக்கும் நடுவுல உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால பாருங்க. போர் விட்டத்துல ஒரு இஞ்சுக்கு 3ல இருந்து 4 தௌ கணக்கு, நம்மளுக்கு 9ல இருந்து 12 தௌவுக்குள்ள வரும். குறைவா இருந்தா சூட்டுல முனையும் முனையும் முட்டி ரிங் ஒடையும்.

5. ஹெட்: புதையல் இங்கதான்

இந்த ஹெட்டுல நாலு சிலிண்டருக்கு இன்லெட் போர்ட் ரெண்டே ரெண்டு, எக்ஸாஸ்ட் மூணு, நடுவுல உள்ளது 2க்கும் 3க்கும் பங்கு. ஒரே வாசல்ல ரெண்டு வீட்டுக்காரன் போய் வர மாதிரி. அதனால போர்ட்டை குடைஞ்சு பெருசாக்காதீங்க, பக்கத்துலயே வெள்ளம் போற வழி இருக்கு, ஒரு இடத்துல ஓட்டை விழுந்தா ஹெட்டை காயலாங்கடைக்கு போடணும். வார்ப்புல இருக்க சொரசொரப்பை எடுங்க, வால்வ் கைடு பக்கத்துல திமிறி நிக்க மேட்டை சரிவாக்குங்க, மேனிஃபோல்டு வாயும் போர்ட் வாயும் ஒண்ணா சேருதான்னு கேஸ்கெட்டை வச்சு கோடு போட்டு பாருங்க. எனக்கு ஒரு பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் படி மாதிரி நின்னுச்சு. காத்து அதுல முட்டிக்கிட்டுதான் 40 வருஷமா உள்ள போயிருக்கு.

வால்வ் சீட் கண்டிப்பா பாருங்க. இது ஈய பெட்ரோல் காலத்து ஹெட். 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயம் நின்னாச்சு, அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் சீட்டுக்கு மெத்தை மாதிரி இருந்துச்சு. இப்பம் கெட்டியான சீட் ரிங் அடிச்சாதான் நிலைக்கும். 4 எக்ஸாஸ்ட் சீட், 8 கைடு, 8 வால்வ், பேஸிங் (ஹெட் அடியை சீவி மட்டம் பண்றது) எல்லாம் சேர்த்து எனக்கு 14,000 ஆச்சு.

அடுத்தது கம்ப்ரஷன். பிஸ்டன் மேல வரும்போ உள்ள இருக்க இடம் எத்தனை மடங்கு சுருங்குதுங்கறதுதான் கணக்கு, அந்த காலத்து மட்டமான பெட்ரோலுக்காக அதை 7 சொச்சத்துல வச்சிருந்தாங்க. இப்பம் பம்புல வர சாதா பெட்ரோலே 91 ஆக்டேனுக்கு குறையாது, 8.5 வரை தாராளமா தாங்கும். எப்படி அங்க போறது? "ஒரு 60 தௌ எடுத்து விடுங்க"ன்னு லேத்துல சொல்லாதீங்க. உங்க ஹெட்டை ஏற்கனவே ஒருத்தன் எடுத்திருக்கலாம்.

நான் பண்ணினது சொல்றேன். பள்ளிக்கூட லேப்ல வேலை பார்க்க மச்சான்கிட்ட 50 மில்லி பியூரெட் (அளவு கோடு போட்ட கண்ணாடி குழாய்) ஒண்ணு கடன் வாங்கினேன். வால்வ் மாட்டி பிளக்கும் போட்டு ஹெட்டை கவுத்தி சமையலறை மேசையில மட்டம் பார்த்து வச்சு, ஒரு அக்ரிலிக் துண்டுல சின்ன ஓட்டை போட்டு கிரீஸ் தடவி சேம்பர் (பெட்ரோல் எரியுற குழி) மேல ஒட்டி, சாயம் கலந்த மண்ணெண்ணெயை சொட்டு சொட்டா விட்டேன். நாலு சேம்பரும் 42.6, 43.8, 42.1, 43.2. வீட்டுல மூணு நாள் மண்ணெண்ணெய் வாசம், சாப்பாட்டுலயும் அந்த மணம்தான், அதை விடுங்க.

கணக்கு இப்படி: 40 தௌ போட்டா ஒரு சிலிண்டர் 382.8 சிசி. 8.5 வேணும்னா அதை 7.5ஆல வகுக்கணும், 51 சிசி வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்து நிக்கும்போ மேல மிச்சம் இருக்க மொத்த இடம் அது. அதுல கேஸ்கெட் தடிமன், பிஸ்டன் தலையில உள்ள குழி, பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு கீழ நிக்க இடம் எல்லாம் சேர்த்து எனக்கு 13 சிசி. பாக்கி 38, அதாவது சேம்பர் 38 ஆகணும்.

எவ்வளவு எடுக்கணும்னு கண்டுபிடிக்க ஒரு எளுப்பம் இருக்கு. அக்ரிலிக்கை எடுத்துட்டு சேம்பர்ல 38 சிசி மட்டும் ஊத்துங்க, ஹெட் மட்டத்துல இருந்து எண்ணெய் மட்டம் வரை எவ்வளவு ஆழம்னு டெப்த் கேஜால பாருங்க. அந்த ஆழம்தான் எடுக்க வேண்டியது. எனக்கு ஒன்றரை மில்லிமீட்டர். முதல்ல பெரிய சேம்பரை விட்டுட்டு மத்த மூணையும் லேசா தேய்ச்சு அதோட ஒண்ணாக்கிட்டு பொறவுதான் ஹெட்டை பேஸிங் போட கொடுத்தேன். நாலும் ஒரே அளவா இருந்தாதான் ஐடிலிங்ல பில்லர் மேல ஒரு ரூபா துட்டை நிறுத்தி வைக்க முடியும். இவ்வளவு எடுத்தா ராக்கர் ஆர்ம் (வால்வை அமுக்குற கை) கோணம் மாறும், ராக்கர் பெடஸ்டல் அடியில அதுக்கேத்த ஷிம் (மெல்லிசான தகடு) வைக்கணும், மறந்துராதீங்க.

கேம்? தொடாதீங்க. ரேஸ் கேம் போட்டா ஐடிலிங்ல வண்டி உலுக்கும், சந்தி முனையில நிக்கும்போ ஊருக்கே தெரியும். பொறவு என்ன ரகசியம்.

6. கிராங்க், எடை

இந்த எஞ்சின்ல கிராங்கை தாங்குறது மூணே மூணு மெயின் பேரிங். 4,500 ஆர்பிஎம்முக்கு மேல அடிக்கடி முறுக்கினா நடுவுல கிராங்க் வளையும். நம்ம தேடுறது மேல உள்ள வேகம் இல்ல, கீழ இருந்து இழுக்க இழுப்பு.

கிராங்க் கிரைண்டிங் 3,500, பேரிங் செட் 5,200. இங்கயும் அதே பாடம், பேரிங் கையில வந்த பொறவு கிரைண்டிங்.

எடை பார்க்குறதுக்கு தக்கலையில நகைக்கடை வச்சிருக்க கூட்டுக்காரன்கிட்ட போனேன். கடை அடைச்ச பொறவு வான்னான். தங்கம் நிறுக்க தராசுல பிஸ்டனையும் ராடையும் துணி விரிச்சு நிறுத்தோம். ராடு நாலுல கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் 11 கிராம், பிஸ்டன்ல 3 கிராம். "லேய், இது எத்தனை பவுன் லேய்"னு சிரிச்சான். குறைஞ்ச ராடுக்கு மத்ததை கொண்டு வரணும், கேப் அடியில இருக்க மேட்டுல மட்டும் தேய்ங்க, போல்ட் பக்கம் போகவே கூடாது. இதுக்கு ஆன செலவு ரெண்டு பரோட்டா. ஆனா 70 கிலோமீட்டர்ல வரக்கூடிய அந்த அதிர்வு இதுலயே பாதி போயிரும்.

7. மாட்டுறது

டார்க் ரெஞ்ச் (நட்டை எவ்வளவு முறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) இல்லாம மாட்டாதீங்க. "கை கணக்கு இருக்கு"ன்னு எங்க மெக்கானிக் ஆசான் சொன்னார், நல்ல மனுஷன், 30 வருஷ அனுபவம், ஆனாலும் நான் ரெஞ்ச் வாடகைக்கு எடுத்தேன். லாக் டேப் எல்லாம் புதுசு போடுங்க. ஆயில் பம்ப், டைமிங் செயின், வாட்டர் பம்ப் மூணும் மாத்திருங்க, 7,800 ஆச்சு. கேஸ்கெட், சீல் 3,200, கிளட்ச் 5,800.

டேப்பட் இடைவெளி 15 தௌ. ஒன்பது கணக்கு வச்சுக்கோங்க: 8 ஆவது வால்வ் முழுசா தெறந்து நிக்கும்போ 1ஐ செட் பண்ணணும், 6 தெறந்தா 3, கூட்டினா 9 வரணும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பிளக்கெல்லாம் கழட்டிட்டு ஸ்டார்ட்டரை சுத்துங்க, ஆயில் பிரஷர் முள்ளு ஏறின பொறவு பிளக் போடுங்க.

8. கார்புரேட்டர், கரண்ட், வெள்ளம்

ட்வின் எஸ்யூ கார்புரேட்டர் போட்டா இன்னும் கிடைக்கும், ஆனா பானெட்டை தூக்கினா அப்பவே தெரியும். நான் வண்டியில இருந்த அதே சோலெக்ஸ் கார்புரேட்டர்ல த்ராட்டில் ஷாஃப்டுக்கு புது புஷ் அடிச்சு, மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டினேன், அவ்வளவுதான். பழைய ஏர் ஃபில்டர் டப்பா அப்படியே. இப்பம் பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வருது, பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் ஊறி பிஞ்சிரும், எத்தனால் தாங்குற ஹோஸ் கேட்டு வாங்குங்க. பெட்ரோல் ஒழுகி எக்ஸாஸ்ட் மேல விழுந்தா வண்டியே போயிரும், இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை புடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆடினா புஷ் மாத்தணும். பாயின்டுக்கு (பிளக் பொறிக்காக கரண்டை வெட்டி விடுறது) பதிலா எலெக்ட்ரானிக் மாட்யூல் அதே மூடிக்குள்ளயே அடங்கும். கார்புரேட்டர் கிட்டும் இதும் சேர்த்து 8,500. பிளக் பொறி விடுற டைமிங்கை ஏத்தம் ஏறும்போ லேசா டிக் டிக்னு அடிக்க வரை கூட்டி, பொறவு ரெண்டு டிகிரி குறைங்க.

ரேடியேட்டர் புது கோர் 6,500. நம்ம ஊர் மெக்கானிக் நிறைய பேர் தெர்மோஸ்டாட்டை கழட்டி தூர சாடிருவாங்க, "சூடாகாது"ன்னு. எஞ்சின் சூடாகவே ஆகலன்னா பெட்ரோலும் கூட குடிக்கும், போரும் சீக்கிரம் தேயும். கண்டிப்பா போடச் சொல்லுங்க. கடற்கரை ஊர் கிணத்து வெள்ளத்தை ரேடியேட்டர்ல ஊத்தாதீங்க, உப்பு, கூலன்ட் ஊத்துங்க.

லேபர் 20,000, ஆயில் மூணு தடவை மாத்தினது சில்லறை சாமான் சேர்த்து 4,500. போரிங், ஹோனிங் முதல் தடவை 4,500, பிஸ்டன் ரிங் 11,500. மேல சொன்னதெல்லாம் கூட்டினா 95,000 வரும், பொறவு என் 14,500. இதுல பிரேக் சேரல. நாலும் டிரம் பிரேக்தான், லைனிங்கும் வீல் சிலிண்டரும் புதுசாக்காம இந்த எஞ்சினை ரோட்டுல எறக்காதீங்க.

9. ரன்னிங் இன், புகை சர்டிபிகேட்

ரன்னிங் இன்னுன்னா புது எஞ்சினை பழக்குறது. முதல் 500 கிலோமீட்டர் ஒரே வேகத்துல போகக்கூடாது, சும்மா நிறுத்தி ஐடிலிங்ல விடவும் கூடாது. மார்த்தாண்டம் பக்கம் ஓட்டினா கல் லாரிக்கு பின்னாடி முதல் கியர்லயே நிப்பீங்க, ரிங் உக்காராது. விடியக்காலம் நாகர்கோவில்ல இருந்து ஆரல்வாய்மொழி வழியா காவல்கிணறு போயிட்டு வாங்க, 40ல இருந்து 60 வரை ஏத்தி எறக்கி. 500ல ஆயில் மாத்தி, ஹெட் நட் திரும்ப டார்க் பார்த்து, டேப்பட்டும் பார்த்துருங்க. ஆயில் 20டபிள்யூ50.

புகை சர்டிபிகேட்டுக்கு நம்ம காலத்து பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை. எனக்கு 1.9, 420 வந்துச்சு. பரிசோதிச்ச பையன் மிஷினை ஒருக்கா தட்டிப் பார்த்துட்டு திரும்ப எடுத்தான், அதேதான் வந்துச்சு.

டைனோவுக்கெல்லாம் (குதிரை சக்தி அளக்க மிஷின்) நான் போகல. நம்ம ஊர்ல அதுக்கு ஆரல்வாய்மொழி கணவாய் போதும். ஆனி ஆடியில மேற்கு காத்து அடிக்கும்போ திருநெல்வேலியில இருந்து திரும்பி வந்தா முப்பந்தல் காத்தாடி பக்கம் எதிர்காத்து வண்டியை நெஞ்சுல கை வச்சு தள்ளும். அப்பா காலத்துல இருந்து அந்த இடம் வந்தா மூணாவது கியர்தான். இந்த ஆனியில டாப் கியர்லயே 70ல வந்தேன், பக்கத்துல அப்பா. அவர் கை தன்னால கியர் பக்கம் ரெண்டு தடவை போயிட்டு திரும்பிச்சு. ஆரல்வாய்மொழி தாண்டின பொறவுதான், "என்னலே பண்ணின இதை?"ன்னு கேட்டார்.